வாடும் சிவப்பும் வாடாச் சிவப்பும்

செந்தாமரை இதழின் நிறத்தையும், வேலியிற் படர்ந்து பூக்கும் போகன்விலாவின் நிறத்தையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, இரண்டும் ஒரு குலத்தவை என்பதும், ஆயினும் ஒன்றல்ல என்பதும் உடனே புலப்படும். முன்னதைப் பேச்சு வழக்கில் றோஸ் என்கிறோம். பின்னது நீலச் சாயல் ஏறிய சிவப்பு. ஓவியரும் அச்சகத்தாரும் அதனை மஜெந்தா என்பர். இவ்விரு நிறங்களையும் ஆளிவிதை எண்ணெயிற் குழைத்து, ரியூப்களில் அடைத்து விற்கிறார்கள். வாங்கச் செல்லும் மாணவனுக்கோ பெரும் மயக்கம். றோஸ் மடர், அலிசரின் கிறிம்சன், பேமனென்ற் றோஸ், குயினக்றிடோன் மஜெந்தா என ஏறக்குறைய ஒரே சாயலில் ஏழெட்டு ரியூப்கள் வரிசையாக இருக்கும். விலைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். எதை எடுப்பது, எதை விடுப்பது?

உயர்தர வகுப்பிற் சித்திரம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இக்கேள்வியை எம்மிடம் கேட்பதுண்டு. எண்ணெய் வர்ணம் மலிவான பண்டமன்று. அன்றியும், இது பணத்தோடு முடிகிற காரியமுமன்று. பிள்ளையொருத்தி தன் பாட்டியின் முகத்தை ஆசையோடு வரைகிறாள். அப்படம் வீட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. பத்தாண்டுகள் சென்றபின் கன்னத்துச் சிவப்பும் உதட்டுச் சிவப்பும் ஓடிப்போய், வெளிறிய முகமொன்று சுவரிலிருந்து பார்க்குமாயின் அதை யார்தாம் விரும்புவர்? அதற்குள் பாட்டியும் இல்லை. மறுபடி இருத்தி வரைவதற்கு வழியுமில்லை. ஆதலின் இச்சிவப்புகளின் குலத்தையும் குணத்தையும் இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

வேரிற் பிறந்த சிவப்பு

மடர் என்பது ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பயிரிடப்பட்ட ஒரு செடி. எமது சித்த வைத்தியர் அறிந்த மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய உறவு. அதன் வேரில் அலிசரின், பேப்பியூரின் என்று இரு சிவப்புச் சாயங்கள் உள்ளன. சாயம் நீரிற் கரைவது. எண்ணெயில் அரைத்து ஓவியம் வரைய உதவாது. எனவே முன்னோர் ஓர் உபாயம் செய்தனர். சாய நீரிற் படிகாரத்தைக் கரைத்து, அதன்மேற் காரத்தைச் சேர்த்தால், அலுமினியம் சார்ந்த வெண்பொடியொன்று அடியிற் படியும். படியும்போதே சாயத்தைப் பற்றிக்கொண்டு தானும் சிவக்கும். அப்பொடியை உலர்த்தி எண்ணெயில் அரைத்தால் றோஸ் மடர் என்னும் வர்ணம் கிடைக்கும். இவ்வாறு செய்யும் நிறப்பொருளை ஆங்கிலேயர் லேக் என்பர். ஏரியைக் குறிக்கும் லேக் என்னும் சொல்லோடு இதற்கு யாதொரு தொடர்புமில்லை. அரக்கைக் குறிக்கும் லாக்ஷா என்னும் வடசொல்லே ஐரோப்பா சென்று லேக் எனத் திரிந்தது.

இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடர் வேரிலிருந்து தூய றோஸ் நிறம் பிரிக்கும் முறையைச் செம்மை செய்தவர் ஜோர்ஜ் ஃபீல்ட் என்பார். நிறங்கள் பற்றிய அவருடைய நூல் 1835 இல் வெளிவந்தது. அவர் கண்ட முறைகள் பின்னர், 1832 இல் தொடங்கப்பெற்ற வின்சர் அன்ட் நியூட்டன் என்னும் வர்ண நிறுவனத்தின் கைக்குச் சென்றன.

ஈண்டு எமது நாட்டுச் செய்தியொன்றையும் சொல்லுதல் தகும். சாயவேர் என்னும் சிறு பூண்டு யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் மணற்றரையில் வளர்வது. ஒல்லாந்தர் காலத்தில் அதன் வேரை அகழ்வித்து அரசினர் வருவாய் பெற்றனர். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டியது அவ்வேரே. மடர் வேரில் உள்ள அதே அலிசரின் சாயவேரிலும் உண்டு. ஐரோப்பிய ஓவியரின் பலகையில் இருந்த சிவப்பும், எம்மவர் மணலைக் கிளறி எடுத்த சிவப்பும் ஒரே பொருள் என்பது எண்ணி மகிழத் தக்கது.

1868 இல் ஜெர்மனியிலே கிறேபே, லீபர்மன் என்னும் இரு இரசாயனவியலார் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அடுத்த ஆண்டிலே அதன் உற்பத்தி முறைக்கு உரிமை கோரி, ஜெர்மானியரும் இங்கிலாந்தின் பேர்க்கினும் ஒரே நாள் இடைவெளியில் இலண்டனில் விண்ணப்பித்தனர். பிரான்சின் தெற்கே மடர் பயிரிட்ட கமக்காரர் சில ஆண்டுகளிலேயே தொழிலிழந்தனர். அன்று முதல் ஓவியர் பெட்டியில் இடம்பெற்றது அலிசரின் கிறிம்சன். றோஸ் மடரினும் இது கருமையானது, ஆழமானது, விலை குறைந்தது. ஆயினும் ஒளியைத் தாங்கும் வலிமை இதற்குக் குறைவே.

போர்க்களம் தந்த பெயர்

மஜெந்தாவின் கதை வேறு. 1856 இல், பதினெட்டு வயது மாணவனாகிய பேர்க்கின் ஊதாச் சாயமொன்றைத் தற்செயலாகக் கண்டான். அதைத் தொடர்ந்து பலரும் அனிலின் என்னும் பொருளை ஆராயலாயினர். பிரான்சின் லியோன் நகரில் வெர்கன் என்பார் நீலஞ் சார்ந்த சிவப்பொன்றைப் பெற்றார். ஃபியூக்சியா மலரை ஒத்திருந்தமையால் அது ஃபியூக்சின் எனப்பட்டது. 1859 ஜூன் 4 ஆம் நாள் வட இத்தாலியில் மஜெந்தா என்னும் ஊரின் அருகே பிரெஞ்சுப் படையும் அதன் துணைப்படையும் ஆஸ்திரியரை வென்றன. அவ்வெற்றியின் நினைவாகச் சாயத்துக்கு மஜெந்தா என்று பெயரிட்டனர். ஆயிரக்கணக்கானோர் குருதி சிந்திய களத்தின் பெயர் பட்டாடைக்கு ஏறியது.

பெயர் நிலைத்தது, சாயம் நிலைக்கவில்லை. ஃபியூக்சின் வெயிலில் விரைவில் வெளிறுவது. இன்று மஜெந்தா என்று ரியூபில் எழுதியிருப்பது பெரும்பாலும் முற்றிலும் வேறான பொருளாகும்.

மஜெந்தாவுக்கு இன்னுமொரு விந்தைக் குணமுண்டு. வானவில்லில் இந்நிறத்தைத் தேடினால் அகப்படாது. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் கண்ணை ஒருங்கே அடைய, இடையிலுள்ள பச்சை மாத்திரம் விடுபட்டால், மூளை அதனை மஜெந்தாவாக உணர்கிறது. ஆகவே பச்சையை விழுங்கி ஏனையவற்றைத் திருப்பி அனுப்பும் பொருளே மஜெந்தா வர்ணம். அச்சகத்தார் சயன், மஞ்சள், கறுப்பு என்பவற்றோடு இதனையும் சேர்த்து நான்கு மைகளால் எல்லா நிறங்களையும் காட்டுவது இதனாற்றான். பத்திரிகையின் வர்ணப் படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியாற் பாருங்கள். மஜெந்தாப் புள்ளிகள் தெரியும். வெயில் படும் கடை வாயிலில் ஒட்டிய விளம்பரங்கள் சில மாதங்களில் நீலம் பாய்ந்து நிற்பதையும் கண்டிருப்பீர்கள். மஞ்சளும் மஜெந்தாவும் வெளிறிவிட, நீல மை மாத்திரம் எஞ்சியதன் விளைவு அது.

புகழ்பெற்ற படங்களுக்கு நேர்ந்தது

வாடுஞ் சிவப்பால் வந்த இழப்பைப் பெரும் ஓவியர்களின் படங்களிலேயே காணலாம். வின்சன்ற் வான் கோ 1890 மே மாதத்தில், சான் றெமி மருத்துவ நிலையத்தை விட்டு நீங்குமுன், றோசா மலர்களை இரண்டு படங்களாகவும் ஐரிஸ் மலர்களை இரண்டு படங்களாகவும் வரைந்தார். றோசாக்களுக்கு அவர் கையாண்டது ஈயோசின் என்னும் சாயத்தாலான ஜெரேனியம் லேக். தீட்டிய நாளில் இளஞ்சிவப்பாக மலர்ந்திருந்த அம்மலர்கள் இன்று ஏறக்குறைய வெண்மலர்கள். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்திலுள்ள ஐரிஸ் படத்தின் இளஞ்சிவப்புப் பின்புலமும் வெளிறிப்போயிற்று. ஊதாவாக இருந்த ஐரிஸ் மலர்கள் சிவப்பை இழந்து நீலமாயின. அப்படம் 1907 இல் இறக்கும்வரை ஓவியரின் தாயாரிடமே இருந்தது. நான்கு படங்களும் 2015 இல் அந்த அருங்காட்சியகத்தில் ஒன்றாகக் காட்டப்பட்டபோது, அவற்றின் பழைய நிறம் எவ்வாறிருந்தது என்பதையும் ஆராய்ந்து விளக்கினர்.

வான் கோ இதனை அறியாதவரல்லர். அக்காலத்துப் புது வர்ணங்கள் நிலையற்றவை என்பதையும், காலம் அவற்றை மென்மையாக்கும் ஆதலின் அழுத்தமாகவே பூசுதல் வேண்டும் என்பதையும் 1888 இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்திற் குறித்துள்ளார். காலம் மென்மையாக்குவதோடு நிற்கவில்லை, அடியோடு கொண்டுபோயிற்று.

பிரெஞ்சு ஓவியர் றெனுவார் 1883 இல் வரைந்த மதாம் கிளப்பிசன் என்னும் பெண்மணியின் படம் சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. அதன் பின்புலம் அடங்கிய சாம்பல் நீலமாகவே பலகாலம் காணப்பட்டது. சட்டத்தைக் கழற்றியபோது, சட்டத்தின் மறைவில் ஒளி படாதிருந்த விளிம்பிலே ஒளிரும் செந்நிறம் தெரிந்தது. கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறும் கார்மின் என்னும் சிவப்பே அது என்று இரசாயனச் சோதனையால் உறுதி செய்தனர். சட்டம் மறைத்த அந்தச் சிறு கீற்று இல்லாதிருந்தால், றெனுவார் அப்படத்தை அவ்வாறுதான் வரைந்தார் என்றே எல்லோரும் எண்ணியிருப்பர்.

மூன்றாவது உதாரணம் எமக்கு இன்னும் அண்மையது. அமெரிக்க ஓவியர் மார்க் றொத்கோ ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்கென வரைந்த பெரும் படங்கள் 1964 இல் அங்கு உயரமான கட்டடமொன்றின் உணவு மண்டபத்தில் மாட்டப்பட்டன. அகன்ற சாளரங்களால் வெயில் தாராளமாக வந்தது. அவர் கையாண்ட லிதோல் சிவப்பு ஒளிக்கு ஆற்றாதது. கிறிம்சன் நிறம் கரைந்து, சில இடங்களில் இளநீலமே எஞ்சியது. 1979 இல் அவற்றைக் கழற்றி இருட்டறையில் வைத்தனர். 2014 இல் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, படத்தின்மீது தூரிகை படாமல், இழந்த நிறத்தை ஒளியாக மாத்திரம் பாய்ச்சிக் காட்டினர். மாலையில் அவ்வொளியை அணைத்ததும் வெளிறிய படங்களே தெரிந்தன.

கூடி வாழும் மூலக்கூறுகள்

நிறம் ஏன் வாடுகிறது? சாயத்தின் மூலக்கூறு ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய சக்தி அம்மூலக்கூற்றின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. ஒட்சிசனும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன. 1888 இல் இங்கிலாந்தில் றசல், அப்னி என்னும் இருவர் வெளியிட்ட நீர்வர்ண அறிக்கை, காற்றும் ஈரமும் இல்லாவிடத்துப் பெரும்பாலான நிறங்கள் வெளிறுவதில்லை என்பதைக் காட்டிற்று. வெள்ளையோடு கலந்து மெல்லிதாகப் பூசிய சிவப்பு, தனியே தடித்துப் பூசிய சிவப்பினும் விரைவில் அழியும். சாயத் துணிக்கைகள் ஐதாகச் சிதறி நிற்பதால் ஒவ்வொன்றும் ஒளிக்கு இலக்காகின்றது. முகத்தின் இளஞ்சிவப்பே முதலிற் போவதன் காரணம் இதுதான்.

இக்குறையை நீக்கியது குயினக்றிடோன் என்னும் பொருள். காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய நான்கு மூலகங்களால் ஆகிய இதனை 1935 இல் ஜெர்மானியர் ஒருவர் ஆக்கினார். அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனம் 1958 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழையிலும் வெயிலிலும் நிற்கும் மோட்டார் வாகனங்களுக்குப் பூசுவதே அதன் பெரும் பயன். ஓவியர் பின்னர் அதைக் கைக்கொண்டனர்.

அதன் வலிமையின் இரகசியம் கூட்டுறவு. குயினக்றிடோன் மூலக்கூறு ஒவ்வொன்றும் அயல் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்பினாற் கைகோத்துப் பளிங்காக இறுகி நிற்கிறது. திரவத்திற் கரைத்துத் தனித்தனியே பிரித்தால் அது வெறும் மஞ்சட் சாயலே காட்டும். கூடிப் பளிங்காகும்போதே சிவப்பும் ஊதாவும் பிறக்கின்றன. மேலும், ஒரே பொருளே பளிங்கின் அடுக்கு மாறியவுடன் வேறு நிறம் காட்டும். காமா அடுக்கில் றோஸ் நிறம். பீற்றா அடுக்கில் ஊதா. அதே மூலக்கூற்றில் இரு மெதைல் கூட்டங்களைச் சேர்த்தால் நீலஞ் சாய்ந்த மஜெந்தா கிடைக்கும். இன்றைய றோசும் மஜெந்தாவும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள் எனின் மிகையாகாது.

எதை வாங்குவது?

ரியூபின் முன்புறத்திலுள்ள பெயரை நம்பற்க. ஒரே பெயரில் இரு கம்பனிகள் இரு வேறு பொருள்களை விற்கலாம். ஹியூ என்ற சொல் பெயரோடு சேர்ந்திருந்தால், அந்நிறத்தை ஒத்த வேறொரு பொருள் உள்ளே இருக்கிறது என்பது கருத்து. அது எப்போதும் குறைபாடன்று. வாடக்கூடிய அலிசரினுக்குப் பதிலாக வாடாத குயினக்றிடோன் இருக்குமாயின் அது நன்மையே.

ரியூபின் பின்புறத்தில் ஆங்கில எழுத்துகளோடு சிறிய எண்ணொன்று அச்சிடப்பட்டிருக்கும். அதுவே பொருளின் மெய்ப்பெயர். இவற்றை மனத்திற் கொள்க: என்.ஆர். 9 என்பது இயற்கை மடர், பி.ஆர். 83 என்பது அலிசரின், பி.வி. 19 என்பது குயினக்றிடோன் றோஸ் அல்லது ஊதா, பி.ஆர். 122 என்பது குயினக்றிடோன் மஜெந்தா. ஒளி தாங்கும் வலிமையை ஒன்று முதல் ஐந்து வரை வகுக்கும் அமெரிக்கத் தர முறையிலே, எண்ணெய் வர்ணத்தில் பி.வி. 19 முதல் வகுப்பிலும் அலிசரின் மூன்றாம் வகுப்பிலும் நிற்கின்றன. எண்ணே அச்சிடப்படாத ரியூபை நெடுநாள் வாழவேண்டிய படத்துக்கு வாங்காதிருத்தல் நன்று. கண்ணைப் பறிக்குமாறு மின்னும் றோஸ் வர்ணங்கள் சிலவற்றில் ஒளிர் சாயம் சேர்ந்திருக்கும், அம்மினுக்கம் நீடிப்பதில்லை.

குணத்தால் ஒப்பிடின், றோஸ் மடர் மென்மையானது. பலமுறை மெல்லிய படலமாகப் பூசினால் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றும். வெள்ளையோடு சேர்ந்தால் அதன் சாயல் எளிதில் அமுங்கிவிடும். குயினக்றிடோன் றோஸ் தெளிந்தது, வலியது. சிறு துளியே வெள்ளையைச் சிவப்பிக்கப் போதும். ஆகவே ஒரு ரியூப் நெடுநாள் வரும். மஜெந்தாவோ கலப்பதற்கு வாய்ப்பானது. மஞ்சளோடு சேர்ந்து சிவப்பும், நீலத்தோடு சேர்ந்து தூய ஊதாவும் தரும். கட்மியம் சிவப்பை நீலத்தோடு கலந்து நாவற்பழ நிறம் பெற முயன்ற மாணவர் கண்டது மண்ணிறமே. கட்மியம் நீல ஒளியை விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம். இரண்டில் ஒன்றே வாங்க இயலுமென்போர், முகம் வரைவதாயின் பி.வி. 19 றோசையும், மலரும் மாலை வானமும் வரைவதாயின் பி.ஆர். 122 மஜெந்தாவையும் வாங்குக.

வீட்டிற் செய்யும் சோதனை

மாணவர்கள் எமது சொல்லை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. தடித்த தாளிலோ கன்வஸ் துண்டிலோ கையிலுள்ள ஒவ்வொரு சிவப்பையும் ஒரு கோடு தனியாகவும், ஒரு கோடு வெள்ளை கலந்தும் பூசுங்கள். எண்ணும் நாளும் அருகிற் குறியுங்கள். சில வாரம் உலரவிட்டு, ஒவ்வொரு கோட்டிலும் பாதியைத் தடித்த கறுப்பு மட்டையால் மூடி, வெயில் படும் யன்னலில் மூன்று மாதம் மாட்டி வையுங்கள். பின்னர் மட்டையை நீக்கினால் மூடிய பாதியும் திறந்த பாதியும் உண்மையைச் சொல்லும். றெனுவார் படத்தின் சட்டம் செய்த வேலையை உங்கள் மட்டை செய்யும். எமது வெயில் இலவசமாகக் கிடைக்கும் பரிசோதனைச்சாலை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் படமாயினும் முன்னோரின் நிழற்படமாயினும், நேர்வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மாலைச் சூரியன் நுழையும் வாயிலுக்கு எதிர்ச்சுவர் சாமி அறைக்குப் பக்கத்துச் சுவராயினும் தவிர்க்க. இருட்டும் எல்லாவற்றையும் காப்பதில்லை. 1970 களில் எடுத்த திருமண வர்ணப் படங்கள் பல, அல்பத்தில் மூடிக் கிடந்தும் செம்மை பாய்ந்துள்ளன. அவற்றின் நீலஞ் சார்ந்த சாயம் இருளிலேயே சிதைந்தமையால் மஜெந்தா மேலோங்கி நிற்கிறது. அத்தகைய படங்களை இன்றே பிரதி எடுத்து வைப்பது நன்று.

எல்லா வர்ணமும் நூற்றாண்டு நிற்கவேண்டும் என்பது எமது வாதமன்று. கோலம் மாலைக்குள் அழிகிறது. அதனால் அதன் அழகு குறைவதில்லை. கோலமிடுபவள் அது அழியும் என்று அறிந்தே இடுகிறாள். பயிற்சிக்கு வரையும் மாணவனுக்கு மலிந்த ரியூப் போதும். ஆனால், பிறர்க்குக் கொடுக்கும் படத்தை, விலை பெற்று விற்கும் படத்தை, இறந்தார் நினைவாக வரையும் படத்தை வாடும் சிவப்பால் வரைவது பெறுபவரை ஏமாற்றுவதாகும். பின்புறத்து எண்ணைப் படிக்க அரை நிமிடம் செல்லும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாக.